கடலோரப் பயணம்: எங்கே தங்குவது?

கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் அறுகம்பைக்குப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். இதை ஒரே நாளில் முடிக்க நினைப்பது, பின் ஆசனத்தில் இருப்பவரின் முதுகுக்குத் தண்டனை.

முதல் இரவை மொனராகலையில் கழிப்பது நல்லது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சியம்பலாண்டுவையைத் தாண்டினால் லாகுகலைக் காடு. பொழுது சாய்ந்தால் அங்கே யானைகள் வீதிக்கு வரும். அந்தப் பகுதியைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும்.

அடுத்த கேள்வி, தங்குவது கடலோரத்திலா, ஊருக்குள்ளா? ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை அறுகம்பையில் அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டார் கூட்டம் அதிகம். அந்நாட்களில் கடற்கரை விடுதிகளில் சத்தமும் கூடும், வாடகையும் கூடும். சில கிலோமீற்றர் தள்ளியுள்ள பொத்துவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அங்கே தங்கினால் ஹலால் உணவுக்கு அலைய வேண்டியதில்லை. கையில் வாகனம் இருக்கும்போது கடலும் தூரமில்லை.

முற்பணம் கொடுக்குமுன் இவற்றைப் பாருங்கள்: இரவில் மோட்டார் சைக்கிளைக் கேற்றுக்குள் விட இடமுண்டா? கதவின் உட்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? குளியலறை அறையோடு சேர்ந்ததா? யன்னலுக்குத் திரை உண்டா?

கணவர் மட்டும் உள்ளே போய்ப் பேசி முடித்துவிட்டு வரக்கூடாது. அறையை மனைவியும் நேரில் பார்க்கட்டும். அவருக்கு மனம் ஒப்பாத அறை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.