வெடிச் சத்தம் கேட்காத தீபாவளி

பள்ளத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஊரணியின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செட்டிநாட்டு ஊர்களில் வீடு கட்டியவர்கள், கூரையில் விழுந்த மழையைக்கூட வீணாக்காமல் ஊரணிக்கு வழி பண்ணினார்கள். அதே வறண்ட சீமையில், தண்ணீரோடு அதைத் தேடி வரும் விருந்தாளிகளையும் சேர்த்துக் காப்பாற்றும் கிராமவாசிகள் இருக்கிறார்கள், தெரியுமோ?

காரைக்குடி வந்து, திருப்பத்தூரைத் தாண்டி மதுரைச் சாலையில் போனால் கொள்ளுக்குடிப்பட்டி. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்ற மூன்று கண்மாய்களும் சேர்ந்ததுதான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-ல் சர்க்கார் அறிவித்தது, மொத்தம் 38.4 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 95 ஏக்கர். மழை பெய்து கண்மாய் நிரம்பினால் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், கொக்கு என்று கூட்டம் கூட்டமாக வந்து, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும்.

பறவைகள் வரும் காலம் பார்த்துத் தீபாவளியும் வந்துவிடுகிறதே! ஒரு அணுகுண்டு வெடித்தால் போதும், தாய்ப் பறவை மிரண்டு எழும்பிவிடும். முட்டையும் குஞ்சும் காக்கைக்கும் பருந்துக்கும் விருந்து. ஆகவே இந்தக் கிராமத்தார் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை.

சொல்லுவதற்கு எளிது. பத்து வயதுப் பையனிடம், "இந்த வருஷமும் வெடி கிடையாதடா" என்று சொல்லிப் பாருங்கள்! அதுவும் சிவகாசி ஒன்றும் கண்காணாத தேசத்தில் இல்லை. வேட்டையாடினால் தண்டிக்கச் சட்டம் உண்டு. பிள்ளையின் முகவாட்டத்தைத் தாங்கிக் கொள்ள எந்தச் சட்டம் உதவும்? அந்தந்த வீட்டுத் தாயார்தான் சமாளிக்க வேண்டும். தீபாவளியன்று வனத்துறையினர் இனிப்புப் பொட்டலங்களுடன் ஊருக்குள் வந்து நன்றி சொல்வது வழக்கமாகியிருக்கிறது. அந்த இனிப்பு முக்கியமாகக் குழந்தைகளுக்குச் சேரவேண்டியது என்பேன்.

கிராமத்தாருக்கு லாபமும் உண்டு. எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. வேடந்தாங்கல் குடியானவர்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல், லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தபோது, ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்பும் கிடைத்தது.

உங்கள் தெரு ஊரணிக்கு இதிலிருந்து ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் கூடி ஊரணியைச் சுத்தம் பண்ணக் கிளம்பினால், பிளாஸ்டிக்கை முதலில் அள்ளட்டும். வரத்துக்காலில் அடைத்திருக்கும் மண்ணை எடுக்கட்டும். ஆனால் அரிவாளை எடுக்கும் முன் சற்று அண்ணாந்து பார்க்கவேண்டும். நாட்டுக் கருவேலம் வேறு, சீமைக் கருவேலம் வேறு. எந்த மரமானாலும் கூடு இருந்தால், குஞ்சு பறக்கும் வரை பொறுக்கலாம். உற்சாக மிகுதியில் கரை முழுவதையும் மொட்டையடித்துவிட்டுப் படம் பிடித்துக்கொள்ளுகிற சேவையை, பறவைகள் சேவை என்று ஒப்புக்கொள்ளா!

வேட்டங்குடியைப் பார்க்க ஆசையிருந்தால், நல்ல மழை பெய்த வருஷத்தில் மார்கழி, தை மாதங்களில் போங்கள். காலையிலோ சாயங்காலமோ போவது உத்தமம். கூட்டுக்குத் திரும்பும் நாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். காரின் ஹாரனை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.