டிரசர் இருந்த இடத்துக்கு யார் வருகிறார்கள்?

கேமரன்மலையில் மருத்துவப் பணியாளர்களின் படிப்பும் கூடியிருக்கிறது, வகையும் கூடியிருக்கிறது. மலையில் நிலைத்து நிற்பவர்கள்தான் இன்னும் போதவில்லை.

சர்க்கரை நோயாளியின் பாதத்தைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பெருவிரலின் அடியிலும், பாதத்தின் மற்ற இடங்களிலும் அது வளையும் அளவுக்கு அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தத்துக்கு வளையும்படி செய்யப்பட்ட இழை அது. தொடுவது தெரிந்தால் நோயாளி சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது. கல் குத்தினாலும், பூட்ஸ் உரசித் தோல் உரிந்தாலும் வலிக்காது. புண் உள்ளே இறங்கி, விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போதுதான் விஷயம் தெரியும்.

நாள் முழுக்க ரப்பர் பூட்ஸோடு ஈரச் சரிவில் நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கு இந்தச் சிறு சோதனை காலைக் காப்பாற்றித் தரும். இழையின் விலை சொற்பம். அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு கை வேண்டும்; அடுத்த ஆண்டும் அதே பாதத்தைப் பார்க்க அந்தக் கை ஊரில் இருக்க வேண்டும். மலைநாட்டு மருத்துவச் சேவையின் முழுப் பிரச்சினையும் இந்த இரண்டாவது தேவையில் அடங்கியிருக்கிறது.

கோலா தெர்லாவைப் பாருங்கள். மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன்மலை மாவட்டத்தின் வடக்குப் பக்கம், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே உள்ள சிற்றூர். சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த காய்கறித் தோட்டங்கள். கம்போங் ராஜா பக்கம் போனால் புளூ வேலி தேயிலைத் தோட்டம். காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம், கர்ப்பிணிப் பரிசோதனை என்றால் கம்போங் ராஜா அரசாங்கக் கிளினிக்குக்குப் போகலாம். வார்டில் சேர்க்க வேண்டுமானால் தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனை. சிறப்பு மருத்துவர் தேவைப்படும் கடும் நோய் என்றால் மலையிறங்கி ஈப்போவுக்கு ஓட வேண்டும். சிம்பாங் பூலாய் சாலை வந்தபின் ஈப்போ கிட்டத்தில் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் பள்ளி விடுமுறையிலும் வாரக் கடைசியிலும் சுற்றுலா வண்டிகள் பிரிஞ்சாங் வரை வரிசை கட்டி நிற்கும். அடைமழையில் மண் சரியும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்தான் மருத்துவர்.

தோட்டத்தின் டாக்டர்

ஒரு காலத்தில் பக்கத்தில் இருந்தவர் டிரசர், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர். ஜே.ஏ. ரசல் 1929-ல் கேமரன்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் டிரசர் ஏற்கனவே வேரூன்றிய மனிதராக இருந்தார். தோட்ட நிர்வாகம் தன் செலவில் மருத்துவ வசதி செய்துதர வேண்டும் என்று காலனிச் சட்டங்கள் கட்டாயப்படுத்தின. காடழித்து நட்ட இடங்களில் மலேரியாவால் தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக மாண்டதே அதற்கு முக்கியக் காரணம். கிள்ளான் பகுதியில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழித்துக் காட்டிய வேலையும் அந்தச் சாவுகளின் நடுவே பிறந்ததுதான்.

டிரசர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் ஆங்கிலம் படித்து வந்தவர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கொய்னா கொடுப்பது, ஊசி போடுவது, பேறுகாலத்தில் மருத்துவச்சிக்குத் துணை நிற்பது, நிலைமை மோசமானால் லாரி ஏற்பாடு செய்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என எல்லாம் அவர் பொறுப்பு. எந்த லயத்தில் யாருக்கு ஆஸ்துமா, எந்தப் பிள்ளை எடை ஏறவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். 1965-ல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்து அந்தப் பணிக்கு அதிகாரபூர்வமான பெயரும் ஒழுங்கும் கொடுத்தது.

அந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய குறையும் இருந்தது. டிரசரின் சம்பளம் நிர்வாகத்தின் கையில். காய்ச்சலோடு வந்த தொழிலாளிக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எழுதிக் கொடுத்தால் அன்றைய வேலைக்கு ஆள் குறையும். நோயாளியின் பக்கம் நிற்பதா, துரையின் பக்கம் நிற்பதா என்ற நெருக்கடி அவருக்கு ஓயாமல் இருந்தது. ஊரில் வாழும் மருத்துவப் பணியாளர் வேண்டும், ஆனால் அவர் நோயாளிக்கு மட்டும் பதில் சொல்பவராக இருக்க வேண்டும் என்பதே டிரசர் காலம் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

தாதியர் கட்டிய வழி

சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கம் கிராமப்புறச் சுகாதாரச் சேவையை விரித்தபோது அதைத் தாங்கி நின்றவர்கள் மருத்துவச்சிகளும் கிராமத் தாதியரும். கிளினிக்கோடு ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருந்து, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்தார்கள். மலேசியப் பொதுச்சுகாதார மருத்துவர் இந்திரா பத்மநாதனும் மற்றவர்களும் எழுதி உலக வங்கி 2003-ல் வெளியிட்ட ஆய்வு, மலேசியாவும் இலங்கையும் பேறுகாலச் சாவைப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்த கதையைச் சொல்கிறது. இரண்டும் பணக்கார நாடுகளாகும்வரை காத்திருக்கவில்லை. முறையாகப் பயிற்றுவித்த மருத்துவச்சியை ஏழைப் பெண்ணின் வாசலுக்கு, கட்டணமில்லாமல் அனுப்பிவைத்தன.

அதன்பின் பணியாளர் வகைகள் பெருகின. 1977-ல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. மூன்றாண்டு டிப்ளோமா முடித்து இன்று கிளினிக்கில் முதலில் நோயாளியைப் பார்க்கும் துணை மருத்துவ அதிகாரி அந்த வழியில் வந்தவர். உணவியல் நிபுணர், இயன்முறைச் சிகிச்சையாளர் போன்றோரை ஒழுங்குபடுத்த 2016-ல் துணைச் சுகாதாரத் தொழில்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

நோய் மாறியதால்தான் ஆளும் மாற வேண்டியிருந்தது. அன்று மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்தார்கள். சர்க்கரைக்கு மாத்திரை மட்டும் போதாது. சாப்பாட்டைப் பேசித் திருத்த ஒருவர், கண்ணைப் பார்க்க ஒருவர், பாதத்தைப் பார்க்க ஒருவர் வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம்.

கூடிய ஆட்கள் எங்கே?

உலகம் முழுக்கத் தாதியர் தொகை வளர்கிறது. 2018-ல் 2 கோடியே 79 லட்சமாக இருந்தது, 2023-ல் 2 கோடியே 98 லட்சமானது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆனால் அவர்களில் 78 விழுக்காட்டினர், உலக மக்களில் 49 விழுக்காட்டினர் மட்டுமே வாழும் நாடுகளில் இருக்கிறார்கள். ஏழு தாதியரில் ஒருவர் பிறந்த நாட்டில் வேலை செய்யவில்லை. மலேசியாவில் பயின்ற தாதியரும் மருத்துவர்களும் சிங்கப்பூருக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்த கதை.

மருத்துவர்களுக்கு நடந்தது இன்னும் வேதனையானது. கல்லூரிகள் பெருகின, பட்டதாரிகள் பெருகினார்கள், நிரந்தர இடங்கள் பெருகவில்லை. 2016 டிசம்பரில் ஒப்பந்த முறை வந்தது. கோவிட் உச்சத்தில், 2021 ஜூலை 26 அன்று, ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புடை அணிந்து மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். நாளை எங்கே இருப்போம் என்று தெரியாத இளம் மருத்துவரிடம் கேமரன்மலையில் வேரூன்றுங்கள் என்று கேட்பது நியாயமில்லை. நிரந்தர வேலை என்பது பணியாளரின் சலுகை மட்டுமா? பத்தாண்டு ஒரே மருத்துவரிடம் போகும் நோயாளியின் உரிமையும் அதுதான்.

மலையின் மக்களும் மாறிவிட்டார்கள். தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட, கொழுந்து பறிக்கவும் காய்கறி பயிரிடவும் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். மலேசியருக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட். வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. அதனால் நோய் முற்றியபின் வருகிறார்கள். வந்தாலும் எங்கே வலிக்கிறது என்று சொல்ல மொழி இல்லை. நூறாண்டுக்கு முன் நம் பாட்டனும் பாட்டியும் நின்ற நிலையில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யார்?

மலையிலிருந்தே எடுங்கள்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஒரு வழியைக் காட்டுகிறது. அதே பகுதியைச் சேர்ந்த பெண் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையையும் கையில் தருகிறார். படுத்த படுக்கையாய் இருப்பவரைத் தேடி இயன்முறைச் சிகிச்சையாளரும் போகிறார். தன்னார்வலருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை என்பது அத்திட்டத்தின் குறை. மலேசியா அந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம். குறையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, மருத்துவமனைக்கு முந்திய அடிப்படைச் சேவையை வலுப்படுத்த வேண்டும் என்கிறது. அதற்குக் கேமரன்மலையில் செய்யக்கூடியவை தெளிவானவை. எஸ்.பி.எம். முடித்த மலைப் பிள்ளைகளுக்கு, அவர்கள் தமிழரோ சீனரோ பூர்வகுடிச் செமாய் மக்களோ, சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளில் இடம் ஒதுக்க வேண்டும். படிப்பு முடித்துத் திரும்புவோருக்கு நிரந்தர வேலையும், குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸும் தர வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர் மொழி தெரிந்தவர்களைக் கிளினிக்குக்குச் சம்பளத்தோடு எடுக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்களின் உழைப்பில் லாபம் காணும் முதலாளிகள் இதில் பங்கு கொடுக்கலாம்.

நம் சமூகத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். தாதியாகவோ துணை மருத்துவ அதிகாரியாகவோ வந்தால் மனக்குறைப்படுகிறோம். தோட்டத்தில் ஒரு தலைமுறையையே உயிரோடு காத்தவர்கள் டிரசரும் மருத்துவச்சியும்தான். அந்த வேலைக்கு இன்று படிப்பு இருக்கிறது, பதிவு இருக்கிறது, சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மலையில் வளர்ந்த ஒரு பெண் அந்தப் படிப்பை முடித்துச் சொந்த ஊரிலேயே வேலை செய்ய விரும்பினால், அதற்கு வழிவிடுவது அரசாங்கத்தின் கடமை. பெருமையோடு அனுப்பிவைப்பது நம் கடமை.