சாக்கடைக்குப் போகும் மருந்து

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இன்று நாம் விழுங்கும் ஆண்டிபயாடிக் மருந்தில் ஒரு பகுதி சிறுநீரோடு சாக்கடைக்குப் போகிறது. மருந்து ஆலைக் கழிவு இன்னும் கடுமையானது. ஹைதராபாத் அருகே படான்சேருவில், சுமார் 90 மருந்து நிறுவனங்களின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. அம்மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். இத்தகைய நீரில் பிழைத்துப் பழகிய கிருமிகளுக்குப் பிறகு அந்த மருந்து கேட்காது.

வழக்கமான சுத்திகரிப்பில் இவை முழுமையாக நீங்குவதில்லை. ஆனால் தேங்காய்ச் சிரட்டைக் கரி, உமிக் கரி, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன் போன்றவற்றின் மேற்பரப்பில் மருந்து ஒட்டிக்கொள்ளும். காரம், அமிலம் அல்லது ஆல்கஹால் கொண்டு கழுவினால் மருந்து பிரியும். அதே பொருளை மீண்டும் பயன்படுத்தலாம். எனினும் தடவைக்குத் தடவை அதன் திறன் குறையும். கழுவிய திரவத்தையும் பாதுகாப்பாக அழிக்க வேண்டும்.

ஆகவே வீட்டிலேயே தொடங்குவோம். மருத்துவர் எழுதித் தராமல் ஆண்டிபயாடிக் வாங்க வேண்டாம். எழுதித் தந்ததை அவர் சொன்ன நாள்வரை சாப்பிடுவோம். மிஞ்சியதைக் கழிப்பறையில் கொட்ட வேண்டாம். தண்ணீர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.