வெட்டுமுனை சொல்லும் சேதி

மேசைக்கோ அலமாரிக்கோ பலகை எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் வெட்டுமுனை. அங்கே தெரியும் ஆண்டு வளையங்களே பலகையின் குணத்தைக் காட்டும்.

வளையங்கள் அகலத்துக்கு இணையாகக் கிடந்தால் அது தட்டை அறுப்பு. கழிவு குறைவு, விலையும் குறைவு. முகத்தில் கோபுரம் போன்ற வரிகள் எழும். வளையங்கள் செங்குத்தாக நிற்பதற்குத் தடியை நான்காகப் பிளந்து அறுக்க வேண்டும். கழிவு கூடும், வரிகள் நேராக ஓடும்.

அழகைவிட முக்கியமானது சுருக்கம். பச்சைத் தேக்கு முழுக்க உலரும்போது வளையத்தின் போக்கில் சுமார் 5 முதல் 6 சதவீதம் சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதிதான். நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். இந்த வேறுபாட்டால்தான் தட்டை அறுப்புப் பலகை பட்டைப் பக்கமாகக் குழிந்து வளைகிறது. நேர்வரிப் பலகை பெரும்பாலும் தட்டையாகவே நிற்கும். அகலமான மேசைப் பரப்புக்கும் இழுப்பறைப் பக்கங்களுக்கும் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

மேசைக்காலுக்கு வளையங்கள் மூலைக்கு மூலை சாய்ந்தோடும் கட்டை நல்லது. நான்கு முகமும் ஒரே மாதிரி தெரியும். நார் காலின் நீளத்தோடு ஓட வேண்டும். வளைந்த நாற்காலிக் காலில் நார் குறுக்கே அறுபட்டால், பாரம் ஏறும்போது அந்த இடத்திலேயே முறியும்.

கதவுச் சட்டத்துக்குள் பொருத்தும் பலகையைக் காடியில் பசையிட்டு ஒட்டக்கூடாது. மழைக்காலத்தில் அது விரிய இடம் வேண்டும்.