வாடையில் வரும் மயில்மீன்

வட அமெரிக்காவில் பனி கொட்டத் தொடங்கும் டிசம்பரில், புளோரிடாவின் தென்கிழக்குக் கரையில் வாடகை மீன்பிடிப் படகுகளுக்கு வேலை கூடிவிடுகிறது. ஸ்டூவர்ட், பாம் பீச், மயாமி, இன்னும் தெற்கே இஸ்லமொராடா எனப் பல துறைகளிலிருந்து படகுகள் விடியலில் புறப்படும். ஒரு கேப்டன், ஓர் உதவியாள், பெரும்பாலும் ஆறு பேருக்கு மிகாத விருந்தினர். அவர்கள் தேடிப்போவது முதுகில் தோகைபோல் துடுப்பை விரிக்கும் மயில்மீனை. மன்னார் வளைகுடா மீனவர்களுக்கும் நன்கு தெரிந்த மீன்தான். பெரும்பணம் கொடுத்துப் படகேறி, தேடிப் பிடித்து, கடைசியில் அதைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். கேட்பவருக்கு இது பணக்காரர்களின் வீண் விளையாட்டாகத் தோன்றலாம். விட்ட மீன் உண்மையில் பிழைக்குமானால், இது கடலிலிருந்து மிகக் குறைவாக எடுத்துக்கொண்டு கரைக்கு நிறையத் தரும் தொழில் என்பது என் கருத்து. பிழைக்காவிட்டால் அந்தப் பெருமை முழுவதும் பொய். ஆகவே கேள்வி, மீன் பிழைக்கிறதா என்பதுதான். அதற்கான விடை பெருமளவு ஒரு தூண்டில் முள்ளின் வளைவில் இருக்கிறது.

முதலில், ஏன் குளிர்காலம்? புளோரிடாவுக்கும் பஹாமாவுக்கும் இடையிலுள்ள நீரிணை வழியே வெதுவெதுப்பான பெரிய நீரோட்டம் ஒன்று வடக்கு நோக்கி ஓடுகிறது. வளைகுடா நீரோட்டத்தின் தொடக்கப் பகுதி அது. வினாடிக்கு ஏறத்தாழ 3 கோடி கன மீட்டர் நீர் அங்கே நகர்கிறது. 1513-ல் ஸ்பானிய மாலுமி போன்ஸ் தெ லியோன் இங்கே வந்தபோது, காற்று சாதகமாக இருந்தும் அவருடைய கப்பல்கள் பின்னோக்கித் தள்ளப்பட்டன. பாம் பீச் அருகே இந்த ஓட்டம் கரைக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே செல்கிறது. வடக்கே கடல் குளிரக் குளிர, சிறு மீன் கூட்டங்கள் தெற்கே இறங்குகின்றன. அவற்றின் பின்னே மயில்மீனும் வருகிறது. கண்டத்திலிருந்து குளிர்க்காற்று கீழிறங்கும் நாட்களில் வாடை தெற்கு நோக்கி வீச, நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும். இரண்டும் எதிரெதிராக மோதுவதால் அலைகள் செங்குத்தாக எழும். அந்த அலைகளின் முதுகில் ஏறி, வால் நுனி நீருக்கு வெளியே தெரிய, மயில்மீன்கள் தெற்கு நோக்கிச் சறுக்கிப் போகும். பயணிகளுக்கு வயிற்றைப் புரட்டும் அந்த நாளைத்தான் கேப்டன்கள் நல்ல நாள் என்கிறார்கள். வெதுவெதுப்பான கடல் மட்டும் போதாது. அதன் மேல் குளிர்ந்த காற்றும் வேண்டும்.

இந்த மீனைப் பற்றிப் பரவியுள்ள செய்திகளில் மிகப் பிரபலமானது, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்பது. புளோரிடாவின் கீஸ் தீவுகளிலிருந்த லாங் கீ மீன்பிடி முகாமில், தூண்டிலில் சிக்கிய மீன் எவ்வளவு வேகமாகத் தூண்டில் நரம்பை இழுத்தது என்று பார்த்துப் போட்ட கணக்கு அது; துள்ளிப் பாயும் மீன் இழுத்த நரம்பின் நீளத்தை நீந்திய தூரமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2010-களில் தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறது என்று அளந்தவர்கள், அதன் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும் என்று கண்டார்கள். மயில்மீனின் பலம் அதன் நீண்ட அலகில் இருக்கிறது. மெக்சிகோவின் முஹேரெஸ் தீவருகே, இதே குளிர்கால மாதங்களில், சாளைக் கூட்டங்களை அது வேட்டையாடுவதை ஆய்வாளர்கள் படமெடுத்தார்கள். கூட்டம் கலையாதபடி அலகை மெல்ல உள்ளே நுழைத்து, பிறகு மின்னல்போல் பக்கவாட்டில் வெட்டுகிறது, அல்லது ஒரு மீனை மட்டும் தட்டி நிலைகுலைய வைக்கிறது. ஒன்று அடித்துவிட்டு விலக, அடுத்தது முன்வருகிறது. ஏறத்தாழ நான்கு தாக்குதலில் ஒன்றில்தான் இரை கிடைக்கும்; ஆனால் பெரும்பாலான தாக்குதல்கள் இரைகளைக் காயப்படுத்திக் களைக்கச் செய்கின்றன. கூட்டத்திலிருந்து பிரிந்து தத்தளிக்கும் மீனே அதற்கு எளிய இரை.

படகுக்காரர்கள் இந்த இயல்பைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். படகிலிருந்து துணிப் பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அதன் கயிற்றில் பொருத்திய கவ்விகள் வழியே தூண்டில் நரம்புகளைச் செலுத்துவார்கள். உயிருள்ள சிறு மீன் நீரின் மேற்பரப்பில் தொங்கிக்கொண்டு துடிக்கும். நரம்போ காற்றில் இருக்கும். கீழிருந்து பார்க்கும் மயில்மீனுக்குத் தெரிவது கூட்டத்தை இழந்து தவிக்கும் ஒரு மீன் மட்டுமே. இரை கவ்வப்பட்டதும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபடும். இந்தோனேசியாவிலும் சாலமன் தீவுகளிலும் இலையால் செய்த பட்டத்தைக் கொண்டு மீன்பிடிக்கும் பழைய வழக்கம் உண்டு. பட்டத்தைக் கடலுக்குக் கொண்டுபோன அறிவு நவீன விளையாட்டுப் படகுகளுக்கு வெகு முந்தியது.

இனி நரம்பின் நுனியிலுள்ள முள்ளுக்கு வருவோம். பழைய தூண்டில் முள் ஆங்கில ஜே எழுத்தின் வடிவம். மீன் கவ்வியதும் கோலை வெட்டி இழுக்க வேண்டும்; முள் முதலில் தொட்ட இடத்தில் ஏறிவிடும், அது தொண்டையாகவோ இரைப்பையாகவோ இருக்கலாம். அதற்கு மாற்றான வட்ட முள்ளின் கூர்முனை தண்டை நோக்கி உள்வளைந்திருக்கும். விழுங்கப்பட்டாலும், நரம்பு இறுகும்போது எதிலும் குத்தாமல் வழுக்கி வெளியே வந்து, தாடையின் ஓரத்தில் திரும்பிக் கொளுவிக்கொள்ளும். வெட்டி இழுத்தால் இது வேலை செய்யாது. நிதானமாக நரம்பைச் சுற்ற வேண்டும். கைப்பதற்றத்தை அடக்குவதே இங்கே திறமை. குவாத்தமாலாவின் பசிபிக் கரையில் மயில்மீனைக் கொண்டு இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2002-ல் வெளிவந்தது. வட்ட முள்ளில் சிக்கியவற்றில் 85 விழுக்காட்டுக்கு வாயோரத்தில் முள் ஏறியிருந்தது. ஜே முள்ளில் அது 27 விழுக்காடு. தொண்டையிலும் இரைப்பையிலும் சிக்கியவை ஜே முள்ளில் 46, வட்ட முள்ளில் 2 விழுக்காடு. முனையைப் பக்கவாட்டில் அதிகமாகச் சாய்த்த வட்ட முள்ளைத் தெற்கு புளோரிடாவில் பயன்படுத்திப் பார்த்தபோது, அது ஜே முள்ளைப் போலவே ஆழத்தில் குத்தியது. வட்டம் என்ற பெயர் போதாது, சாய்வில்லாத வட்டமாக இருக்க வேண்டும். 2008 முதல் அமெரிக்க அட்லாண்டிக் போட்டிகளில், மயில்மீன் உள்ளிட்ட அலகு மீன்களுக்கு இயற்கை இரை கோத்தால் சாய்வில்லாத வட்ட முள் கட்டாயம்.

வாயோரத்தில் சிக்கியது என்பதால் பிழைத்தது என்று ஆகிவிடுமா என்று கேட்பது நியாயம். 1954 முதல் விடப்படும் மீன்களுக்கு அடையாளக் குறி குத்திவருகிறார்கள்; ஆனால் திரும்பக் கிடைப்பவை மிகச் சில, கிடைக்காதவை செத்தனவா திரிகின்றனவா என்று அவை சொல்லமாட்டா. மீனில் பொருத்தும் செயற்கைக்கோள் கருவிகள் வந்த பிறகே தெளிவு பிறந்தது. மயில்மீனின் உறவான வெள்ளை மார்லினில் நடந்த ஆய்வில், வட்ட முள்ளில் பிடித்து விட்ட 20 மீன்களும் பிழைத்தன. ஜே முள்ளில் 20-க்கு 13 மட்டுமே. இன்னோர் ஆய்வில், நீரிலிருந்து தூக்கிச் சில நிமிடம் காற்றில் வைத்த மார்லின்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று செத்தது. மீனை மடியில் கிடத்திப் புகைப்படம் எடுக்கும் ஆசை எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை இதிலிருந்து உணரலாம். விடப்போகும் மீனை நீரைவிட்டு வெளியே எடுக்கக்கூடாது என்ற அமெரிக்க விதி, எனக்குத் தெரிந்த மீன்பிடி விதிகளில் மிகச் செறிவானது.

வேடிக்கைக்காக ஓர் உயிரை வருத்துவது தவறு என்போரின் வாதம் இந்த எண்களால் அடங்காது. அது அறம் சார்ந்தது, அதன் எடையை நான் ஏற்கிறேன். ஆனால் படகுகளை நிறுத்திவிட்டால் மயில்மீன் நிம்மதியாக இருக்கும் என்று யாரும் நினைத்தால் அது தவறு. சூரைக்கும் வாள்மீனுக்கும் விரிக்கப்படும் ஆயிரங்கால் தூண்டில்களில் அது கேட்பாரின்றிச் சாகிறது. புளோரிடாவின் இந்தக் கிழக்குக் கரையில் அந்தத் தூண்டிலுக்கு 2001-ல் தடை வந்தது. அட்லாண்டிக் மயில்மீனை விற்பது அமெரிக்காவில் 1988 முதலே குற்றம். இந்தத் தடைகளை விடாமல் வலியுறுத்தியவர்களில் விளையாட்டு மீனவர்கள் முன்னணியில் இருந்தார்கள். உயிரோடு திரியும் மீனை நம்பிப் பிழைப்பவர் இருக்கும் கடலில், அந்த மீனுக்காக வாதாட ஆள் இருக்கிறது.

இன்னும் தீராத சிக்கல் சுறா. நரம்பில் களைத்த மயில்மீன் சுறாவுக்கு எளிய இரை. போராட்டம் நீள நீள அபாயம் கூடும். மெல்லிய நரம்பில் நெடுநேரம் ஆட்டம் காட்டுவதைப் பழைய விளையாட்டு மரபு பெருமையாகக் கொண்டாடியது. இன்று பொறுப்புள்ள கேப்டன் வலுவான நரம்பைக் கோக்கிறார், படகையே மீனை நோக்கிப் பின்னோட்டுகிறார், சுறா தலைகாட்டினால் தூண்டில்களைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போகிறார்.