பருவங்கள் பூண்ட வேடம்

கோடைக்காலத்திற்கு ஒரு முகம் இருந்தால், அதன் மூக்கு எவ்வாறு இருக்கும்? ஏறத்தாழ 460 ஆண்டுகளுக்கு முன் ஓவியர் ஒருவர் இதற்கு விடை வரைந்தார். அவர் கண்ட கோடையின் மூக்கு ஒரு வெள்ளரிக்காய். கன்னம் பழுத்த பீச் பழம். உதடுகள் செர்ரிப் பழங்கள். சிரிக்கும் வாயில் தெரியும் பற்களோ, பிளந்த பட்டாணிக்காயுள் வரிசையாக அமர்ந்திருக்கும் மணிகள். காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மக்காச்சோளக் கதிர். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து அப்போது நெடுங்காலம் ஆகவில்லை. புதிய பயிரையும் ஓவியர் விட்டுவிடவில்லை.

அவர் பெயர் ஜூசெப்பே ஆர்ச்சிம்போல்தோ. இத்தாலியின் மிலான் நகரில் 1526ஆம் ஆண்டளவில் பிறந்தவர். இளமையில் அந்நகரப் பேராலயத்தின் சாளரங்களுக்கு வண்ணக்கண்ணாடி ஓவியங்களை வடிவமைத்தார். 1562ஆம் ஆண்டு வியன்னா சென்று ஆப்சுபர்க் அரசவை ஓவியரானார். அடுத்த ஆண்டே நான்கு பருவங்களையும் நான்கு மனித உருவங்களாக வரைந்தார். ஐரோப்பியர் ஆண்டை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்காகப் பகுப்பர்.

இவ்வுருவங்களுக்கு முகம் மட்டுமன்றி உடையும் உண்டு. வசந்தம் இலைகளை ஆடையாக உடுத்து, வெண்மலர்களைக் கழுத்தணியாகப் பூண்டிருக்கிறது. கோடையின் ஆடை கோதுமைத் தாளால் பின்னப்பட்டது. அதன் கழுத்துப்பட்டையில் ஓவியரின் பெயரும் தோளில் 1563 என்னும் ஆண்டும் நெசவோடு நெசவாக அமைந்துள்ளன. இலையுதிர்காலத்தின் உடல் ஒரு மரப்பீப்பாய். திராட்சை பிழியும் காலம் அது. ஆகவே பீப்பாய் பொருந்துகிறது. தலைமுடி திராட்சைக் குலைகள். மூக்கு ஒரு பேரிக்காய்.

நான்கனுள் சிறந்தது குளிர்காலமே எனலாம். அது பட்டுப்போன ஒரு மரத்தின் அடிப்பகுதி. மரப்பட்டையின் வெடிப்புகள் முதியவரின் சுருக்கங்களாகின்றன. முறிந்த கிளை மூக்காகிறது. மரத்தில் முளைத்த காளான் உதடாகிறது. மேலே போர்த்தியிருப்பது ஒரு வைக்கோற்பாய். ஆனால் அந்த முதியவரின் மார்பருகே நீளும் ஒரு சிறு கிளையில் எலுமிச்சையும் ஆரஞ்சும் தொங்குகின்றன. குளிரிலும் பழுப்பவை அவை. அந்த இரு கனிகள் இல்லையெனில் இவ்வோவியம் வெறும் வறட்சியாக நின்றிருக்கும்.

ஆர்ச்சிம்போல்தோ ஓவியர் மட்டும் அல்லர். அரசவை விழாக்களுக்கு வேடங்களை வடிவமைத்தவரும் ஆவார். 1571ஆம் ஆண்டு பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியனின் தம்பிக்கு வியன்னாவில் திருமணம் நடைபெற்றது. அவ்விழாவின் அணிவகுப்பில் பருவங்களும் வேடம் புனைந்து வலம்வந்தன. குளிர்கால வேடத்தில் தோன்றியவர் பேரரசரே. மகிழ்ச்சியான வசந்தத்தை விட்டு அவர் ஏன் இதனைத் தேர்ந்தார்? பண்டை உரோமர் குளிர்காலத்தை ஆண்டின் தலையாகக் கருதினர். ஆதலின் தலைவனுக்கு அதுவே ஏற்றது எனக் கலை வரலாற்றாளர் விளக்குவர். பின்னர் 1585ஆம் ஆண்டு 150 அளவிலான வேட வரைபடங்களைத் தொகுத்து, அடுத்த பேரரசரான இரண்டாம் ருடால்புக்கு அவர் அளித்தார். அத்தொகுப்பு இன்று புளோரன்சு நகரின் உப்பிசி காட்சிக்கூடத்தில் உள்ளது.

ஓவியம் வேறு, வேடம் வேறு. ஓவியத்தில் வெள்ளரிக்காய் மூக்காக நிற்கும். மேடையில் அது கீழே விழும். வேடம் புனைந்தவர் மூச்சுவிட வேண்டும், பார்க்க வேண்டும், படியேற வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் ‘இது கோடை’ என்று உடனே தெரிய வேண்டும். ஆகவே வேடம் வடிவமைப்போர் பத்துப் பொருள்களைச் சேர்ப்பதைவிட ஒன்றைப் பெரிதாக்குவர். கோடைக்கு ஒரு பனையோலை விசிறியை ஆளுயரத்தில் செய்து முதுகில் கட்டினால் போதும். உருவத்தின் நிழலைக் கண்டே பருவம் விளங்கிவிடும். அடுத்து, அவ்வுருவத்தின் வயதையும் நடையையும் முடிவுசெய்வர். துள்ளி வருவது எது, தளர்ந்து வருவது எது என்பதைத் துணியால் மட்டும் காட்ட இயலாது.

இனி, எந்தப் பொருளைத் தேர்வது? பள்ளி விழாக்களில் பெரும்பாலும் இங்குத்தான் தவறு நேர்கிறது. குளிர்காலம் என்றவுடன் பஞ்சை ஒட்டி வெண்பனி செய்கின்றனர். இலையுதிர்காலம் என்றவுடன் சிவந்த மேப்பிள் இலைகளை வெட்டுகின்றனர். இவை வெளிநாட்டு நாட்காட்டிகளில் உள்ள படங்கள். தில்லியின் குளிர்காலத்தில் மூடுபனி உண்டு. தெருவோரம் சூடான வேர்க்கடலை உண்டு. சிவந்த கேரட்டும் கடுகுக்கீரையும் சந்தையில் குவியும். அங்கு வேப்பமரம் இலை உதிர்ப்பது அக்டோபரில் அன்று, வசந்தத்தை ஒட்டிய பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில். இலையுதிர்வும் துளிர்ப்பும் ஒரே மாதத்தில் நிகழ்வதை நாட்காட்டிப் படம் காட்டாது. சாளரத்திற்கு வெளியே நிற்கும் மரம் காட்டும். ஆர்ச்சிம்போல்தோவும் அந்தந்தப் பருவத்திற்குரிய பொருள்களையே வரைந்தார்.

தமிழர் ஆண்டை நான்காக அன்றி ஆறாகப் பகுத்தனர்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். தொல்காப்பியம் கூறும் பெரும்பொழுதுகள் இவை. இவற்றுள் வேடம் புனைவோர்க்கு அரிய வாய்ப்பைத் தருபவை இரு பனிக்காலங்களே. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியில் பனி மிகுவது முன்னது. பிற்பகுதியில் மிகுவது பின்னது. ஆகவே இரண்டும் ஒரே போர்வையைப் போர்த்தியிருந்தாலும், ஒன்று மாலையில் தலையை மூடிக்கொண்டு வீடு திரும்பும். மற்றொன்று விடியலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வரும். முன்பனியின் தலையில் மார்கழிக் கோலத்தின் பூசணிப்பூவையும் கையில் தைப்பொங்கல் கரும்பையும் வைக்கலாம்.

ஆடி மாதம் மற்றொரு சிக்கலைத் தருகிறது. தமிழ்க் கணக்கில் ஆனியும் ஆடியும் முதுவேனில். ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது பழமொழி; எனவே ஊரில் ஆடிக்குக் காற்றில் பறக்கும் மேலாடை பொருந்தும். மும்பையிலோ அதே மாதம் அடைமழை. அங்கு வாழும் தமிழ்ச் சிறுமி ஆடியை வரைந்தால் அவ்வுருவத்தின் கையில் குடை இருக்குமா, தோளில் காற்று இருக்குமா? பாட்டி தொலைபேசியில் கூறும் ஆடியும், அவள் நனைந்துகொண்டே பள்ளிக்குச் செல்லும் ஆடியும் இரண்டும் உண்மையே. ஒரே உருவத்தில் ஒரு தோள் உலர்ந்தும் மறுதோள் நனைந்தும் இருக்குமாறு அவள் வரையலாம். அத்தகைய உருவம் எந்த நாட்காட்டியிலும் இராது.

செயல்பாடு: நீங்கள் வாழும் ஊரில் இம்மாதம் கிடைக்கும் காய், கனி, பூ ஆகியவற்றுள் ஐந்தனைக் குறித்துக்கொள்க. அதே மாதத்தில் உங்கள் பெற்றோரின் ஊரில் கிடைப்பவை எவை என வீட்டில் கேட்டு எழுதுக. இரண்டிலிருந்தும் பொருள்களைத் தேர்ந்து, இம்மாதத்திற்கு ஒரு முகமும் உடையும் வரைந்து, அதன் நடையை மூன்று தொடர்களில் விளக்குக.