திருவிழாவுக்கு நாள் உண்டு, பூங்காவுக்கு?

சேலம், நாமக்கல் சமவெளியின் உள்ளாட்சிச் செய்திகளை ஓராண்டு தொடர்ந்து படிப்பவருக்கு ஓர் ஒழுங்கு புலப்படும். ஆடி மாதம் நெருங்கும்போது சாலைப் பள்ளங்கள் மூடப்படுகின்றன, எரியாத தெருவிளக்குகள் எரியத் தொடங்குகின்றன, காவல்துறை போக்குவரத்து மாற்றங்களை அறிவிக்கிறது. பூங்காக்களைப் பற்றியோ, திறப்பு விழாவன்று ஒரு செய்தியும், சில ஆண்டுகள் சென்றபின் புதர் மண்டிக் கிடப்பதாக மற்றொரு செய்தியும் வருவதோடு சரி. பூங்கா, திருவிழா, பொதுமக்கள் பாதுகாப்பு ஆகிய மூன்றும் நாளிதழ்களில் வெவ்வேறு செய்திகளாக அச்சாகின்றன என்றாலும், மக்கள் கூடும் இடத்தை எந்த அலுவலகங்கள், எப்போது, யாருடைய கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையோடு பராமரிக்கின்றன என்ற ஒரே நிருவாகச் சிக்கலே மூன்றுக்கும் அடியில் இருக்கிறது.

இச்சிக்கலின் வேர் அதிகாரப் பங்கீட்டில் உள்ளது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் மாநிலங்கள் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது; பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டுத் திடல்கள் அவற்றுள் ஒன்று, தெருவிளக்கும் பேருந்து நிறுத்தமும் உள்ளிட்ட பொது வசதிகள் மற்றொன்று. காவல்துறையும் பொது ஒழுங்கும் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அவை மாநில அரசிடமே உள்ளன. இதன் விளைவாக, ஒரு பூங்காவில் மாலை இருட்டியபின் பெண்கள் நடக்க அஞ்சுகிறார்கள் என்றால், விளக்கு மாநகராட்சியின் பொறுப்பாகவும், விளக்குக்கு வரும் மின்சாரம் மின்வாரியத்தின் பொறுப்பாகவும், சுற்றுக்காவல் காவல் நிலையத்தின் பொறுப்பாகவும் பிரிந்து, அந்த அச்சம் முழுவதையும் தன் கோப்பில் ஏற்கும் அலுவலகம் ஒன்றுகூட இல்லாமற் போகிறது.

இப்பகுதிக்கு உள்ளாட்சி புதியதன்று. சேலம் நகராட்சி 1866இல் அமைக்கப்பட்டது. இராஜாஜி 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். 1994இல் அது மாநகராட்சியாக உயர்ந்து, இன்று சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்னும் நான்கு மண்டலங்களும் 60 வார்டுகளும் கொண்டதாக விளங்குகிறது. சேலம் மாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 1 அன்று பிரிந்த நாமக்கல் மாவட்டத்தின் தலைநகரம் 2024இல் மாநகராட்சியானது. சேலத்துக்கு மாநகரக் காவல் ஆணையரகம் உண்டு. நாமக்கல் நகரமோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் உள்ளது. ஆகவே ஒரே விதமான குறைக்கு இவ்விரு ஊர்களின் குடிமக்கள் தட்ட வேண்டிய கதவுகள் வேறு வேறானவை.

பூங்கா ஒன்று பிறக்கும் வழியை அறிந்தால்தான் அது ஏன் வாடுகிறது என்பது விளங்கும். நகரங்களில் உள்ள சிறு பூங்காக்களில் பல, அரசு விலை கொடுத்து வாங்கியவை அல்ல, வீட்டுமனைப் பிரிவுகளிலிருந்து கிடைத்தவை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரத்தின் வழியே உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். கொங்குப் பகுதி மக்கள் 'ரிசர்வ் சைட்' என்று குறிப்பிடும் இந்நிலம், பத்திரம் பதிவாகி, சொத்துப் பதிவேட்டில் ஏறி, வேலியும் போடப்படும்வரை வரைபடத்தில் மட்டுமே பூங்காவாக இருக்கிறது. அந்த இடைக்காலத்தில்தான் ஆக்கிரமிப்பு நேர்கிறது. திறந்தவெளிகளைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு வழங்கிய ஆணை செல்லாது என உச்ச நீதிமன்றம் 1991இல் அளித்த தீர்ப்பு, அப்பகுதியில் குடியிருப்போரே நீதிமன்றம் சென்று பெற்றது என்பது இங்கு கருதத்தக்கது.

நிலம் கைக்கு வந்தபின் அடுத்த தடை பணத்தின் வகையில் உள்ளது. நடைபாதை, ஊஞ்சல், நீரூற்று ஆகியவற்றை அமைக்கும் செலவு ஒருமுறைச் செலவு, அதாவது மூலதனச் செலவு. அதற்கு மத்திய, மாநிலத் திட்டங்களில் நிதி கிடைக்கும். சேலம் 2016 செப்டம்பரில் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டபின், பள்ளப்பட்டி ஏரி சீரமைப்பு போன்ற பணிகள் அவ்வகை நிதியில் நடந்தன. காவலாளி, தோட்டப் பணியாளர் ஆகியோரின் கூலியும், மோட்டார், மின்கட்டணம், கழிப்பறைத் துப்புரவு ஆகியவற்றுக்கான செலவும் ஆண்டுதோறும் வருபவை; சொத்துவரி போன்ற சொந்த வருவாயிலிருந்து அவற்றை உள்ளாட்சியே தேடிக்கொள்ள வேண்டும். திறப்பு விழாவின் கல்வெட்டு மூலதனச் செலவைப் பதிவு செய்கிறது, அடுத்த ஆண்டுகளின் பராமரிப்புச் செலவை அது சொல்வதில்லை. திறந்தவெளிக்கு வேறொரு நெருக்கடியும் உண்டு: நகரத்தில் எந்த வேலைக்கு இடம் போதாவிட்டாலும் முதலில் கண்ணில் படுவது வெற்று மைதானமே. சேலம் பழைய பேருந்து நிலையத்தை இடித்து, 2023இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு நிலையத்தைக் கட்டிய காலத்தில், அருகிலுள்ள போஸ் மைதானம் தற்காலிகப் பேருந்து நிலையமாகப் பயன்பட்டது. தேவை உண்மையானதுதான், அதற்கு ஈடாக மக்கள் இழந்த மைதானத்தை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

இவ்வட்டாரத்தில் வேறு வழி கண்ட இடம் கன்னங்குறிச்சி மூக்கனேரி. சேர்வராயன் மலையடிவாரத்தில் ஏறத்தாழ 58 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியைச் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பு, பியூஷ் மானுஷ் முதலியோரின் முயற்சியால், 2010 அளவில் மாவட்ட நிர்வாகத்தின் இசைவோடு சீரமைத்தது. தூர்வாரிய மண்ணை வெளியே கொண்டுசெல்லும் செலவைத் தவிர்த்து, அதை ஏரிக்குள்ளேயே பல தீவுத் திட்டுகளாகக் குவித்து மரங்களை நட்டமையால், நீரின் ஆழம் கூடியதோடு பறவைகளுக்கும் இடம் கிடைத்தது. நன்கொடையும் உடலுழைப்பும் தந்தவர்கள் ஏரியைத் தங்களுடையதாகக் கருதியதால், கண்காணிப்பும் அவர்களிடமிருந்தே எழுந்தது. அரசு இக்கருத்தைத் திட்டமாகவும் வகுத்துள்ளது: பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தர, எஞ்சியதை அரசு ஏற்கும் நமக்கு நாமே திட்டத்தின் நகர்ப்புற வடிவம் 2021 டிசம்பரில் சேலத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. வசதியுள்ள குடியிருப்புகள் தங்கள் பங்கை எளிதில் திரட்டிவிடும், கூலித் தொழிலாளர் வாழும் பகுதிகளால் அது இயலாது என்பது இம்முறையின் குறை. ஏழை வார்டுகளுக்கு உள்ளாட்சியே முழுச் செலவையும் ஏற்காவிட்டால் பசுமை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

பூங்காவின் பாதுகாப்பைப் பற்றி உலகெங்கும் எடுத்தாளப்படும் கருத்தொன்றை அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். தெருவையும் திடலையும் முதன்மையாகக் காப்பவர்கள் அங்கே இயல்பாகப் புழங்கும் மக்களே என்றும், வெவ்வேறு வகையினர் வெவ்வேறு நேரங்களில் வந்துபோகும் பூங்கா உயிரோடிருக்கும், ஆள் வராத பூங்கா மேலும் ஆளை விரட்டும் என்றும் அவர் விளக்கினார். காலையில் நடைப்பயிற்சியாளர், பகலில் முதியோர், மாலையில் பிள்ளைகளும் தாய்மாரும் எனப் பயன்பாடு தொடர வேண்டுமானால், பார்வையை மறைக்காத தாழ்ந்த வேலி, ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள், தூய்மையான கழிப்பறை, குடிநீர், அணையாத விளக்கு ஆகியவை வேண்டும். கண்காணிப்புக் கேமரா இவற்றுக்குத் துணையாகலாமே தவிர மாற்றாகாது. நடந்துமுடிந்த குற்றத்தைத் துப்புத்துலக்க அது உதவும், வெறிச்சோடிய இடத்துக்கு மக்களை அழைத்துவர அதனால் இயலாது.

இனித் திருவிழாவைக் காண்போம். சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலின் ஆடித் திருவிழா பூச்சாட்டுதலோடு தொடங்கி மூன்று வாரம் நீள்கிறது. கோட்டை மாரியம்மனைத் தலைமையாகக் கொண்டு குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை உள்ளிட்ட பகுதிகளின் மாரியம்மன் கோயில்களும் அதே காலத்தில் விழாக் கொண்டாடுகின்றன. கம்பம் நடுதல், பொங்கல், மாவிளக்கு, உருளுதண்டம் எனச் சடங்குகள் தொடர்ந்து, தெய்வங்களைப் போலவும் புராண மாந்தரைப் போலவும் வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் இரவில் வீதியுலா வரும் வண்டி வேடிக்கையில் கூட்டம் உச்சத்தை அடைகிறது. இதற்காக அறநிலையத்துறை, மாநகராட்சி, காவல்துறை, மின்வாரியம், தீயணைப்புத்துறை, சுகாதாரத்துறை ஆகியவை முன்கூட்டியே திட்டமிடுகின்றன. மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். வண்டியின் உயரம், மின்கம்பியின் தாழ்வு, ஆம்புலன்ஸ் செல்லும் வழி, தற்காலிகக் கழிப்பறை, குடிநீர்த் தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அலுவலரின் பெயரோடு இணைக்கப்பட வேண்டியவை. பூங்காவில் பிரிந்து கிடக்கும் அதே அலுவலகங்களை இங்கே ஒன்றாகக் கட்டுவது, தள்ளிப்போட முடியாத நாள்.

அந்த ஒருங்கிணைப்பு தளர்ந்தால் விளையும் கேட்டைத் தமிழகம் அண்மையில் கண்டது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். 2025 செப்டம்பர் 27 அன்று, அதே நாளில் நாமக்கல்லிலும் நடந்த ஓர் அரசியல் பரப்புரைப் பயணத்தின்போது, கரூர் வேலுச்சாமிபுரத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். அதன்பின் பொதுக்கூட்டங்களுக்கான நிலையான வழிகாட்டு நெறிமுறைகளை வகுக்கும் பணி நீதிமன்றங்களின் கவனத்துக்கு உள்ளானது. கூட்ட நெரிசலை ஆராய்ந்தோர், ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேருக்கு மேல் நிற்கும்போது தனிமனிதர் தன் விருப்பப்படி நகரும் ஆற்றலை இழக்கத் தொடங்குகிறார் என்றும், நெருக்கம் இன்னும் கூடினால் அழுத்தம் அலையாகப் பரவி, நின்ற நிலையிலேயே மூச்சுத்திணறலால் மரணம் நேர்கிறது என்றும் கண்டுள்ளனர். ஆகவே எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பதோடு நில்லாமல், இடத்தின் பரப்பு எவ்வளவு, வெளியேறும் வழிகள் எத்தனை, எந்த எண்ணிக்கையில் நுழைவு நிறுத்தப்படும் என்பவற்றையும் அனுமதி வழங்கும் முன் எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இல் வெளியிட்ட கூட்ட மேலாண்மை வழிகாட்டி இவற்றை விரிவாகப் பேசுகிறது. ஆடிப்பெருக்கன்று மேட்டூர், பரமத்தி வேலூர், மோகனூர் ஆகிய இடங்களின் காவிரிப் படித்துறைகளுக்கும் இதே திட்டமிடல் வேண்டும். அங்கே நெரிசலோடு நீரோட்டமும் சேர்ந்துகொள்கிறது.

திருவிழாவுக்கு நாள் உண்டு, ஆகவே வேலை நடக்கிறது. பூங்காவுக்கும் அத்தகைய நாளை ஏற்படுத்த முடியுமா என்பதே எஞ்சும் கேள்வி. அதற்கான கருவி சட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு நாட்கள், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவற்றில் கிராம சபை கூடுகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளுடைய பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றமையால், கேள்வி கேட்கும் மக்களின் பங்கு அங்கே இன்னும் கூடுகிறது. நகரங்களுக்கென 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் முதன்முதலாகக் கூட்டப்பட்டன. வார்டின் ஒரு பகுதியைச் சேர்ந்த வாக்காளர்கள் மன்ற உறுப்பினரோடு நேரில் அமர்ந்து தேவைகளை முன்வைக்கும் அவையே பகுதி சபை ஆகும்.

அந்த அவையில் பூங்கா வேண்டும் என்ற பொதுவான கோரிக்கையைவிடக் குறிப்பான கேள்விகளுக்கே வலிமை அதிகம். பூங்கா இடத்தின் தானப் பத்திரம் பதிவாகியுள்ளதா, இவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எந்தக் கம்பத்தில் எத்தனை நாளாக விளக்கு எரியவில்லை, மாலைச் சுற்றுக்காவலுக்குப் பொறுப்பான காவல் நிலையம் எது, இவற்றுக்கு எந்தத் தேதிக்குள் பதில் கிடைக்கும் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்தால், அடுத்த கூட்டத்தின் தேதியே கெடுவாக அமைந்துவிடும். காவல் நிலையம், மின்வாரியம் ஆகியவற்றின் அலுவலர்களும் அன்று வந்து பதில் சொல்லும் வழக்கம் ஏற்படுமானால், ஆடிக்காக ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடும் அலுவலகங்கள் அன்றாட வாழ்வின் பொது இடங்களுக்காகவும் கூடத் தொடங்கும். திட்டமும் நிதியும் அரசிடமிருந்து வரலாம், அந்தத் தேதியைக் குறிக்க வேண்டியவர்கள் பகுதி சபையில் வந்து உட்காரும் வாக்காளர்களே.